கேளுங்கள், சொல்கிறேன்: பழைய செய்தியோடு சேர்ந்து பறப்பது எப்படி?

போன இதழில் பல ட்ரோன்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டு அணியாகப் பறப்பது பற்றிக் கேட்ட ஒரு வாசகருக்கு நாலு வரியில் பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். செய்தி போய்ச்சேர நேரம் பிடிக்கும், அதில்தான் சிக்கல் என்று மட்டும் சொல்லியிருந்தேன். அது போதாது என்று இத்தனை பேர் எழுதுவார்கள் என்று நினைக்கவில்லை. சரி, இந்த முறை வேறு எதையும் தொடவில்லை, முழுக்க இதுதான்.

கேள்வி: இறுதியாண்டு புராஜெக்டுக்காக ஐந்து ட்ரோன்களைச் சேர்ந்து பறக்கவைக்கும் புரோகிராம் எழுதினோம். கணினியில் ஓட்டினால் கச்சிதமாக இருக்கிறது. மைதானத்தில் பறக்கவிட்டால் எல்லாம் ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஆடுகின்றன, ஆட்டம் கூடிக்கொண்டே போய்க் கடைசியில் கையால் இறக்கவேண்டியதாகிறது. புரோகிராமை எத்தனை முறை பார்த்தும் தப்பு கிடைக்கவில்லை. (பொறியியல் மாணவி)

பதில்: தப்பு புரோகிராமில் இல்லாமலே இருக்கலாம். குறுகலான நடையில் எதிரே ஒருவர் வருகிறார், வழிவிட நீங்கள் ஒரு பக்கம் ஒதுங்குகிறீர்கள், அவரும் அதே பக்கம் ஒதுங்குகிறார், இருவரும் அசடு வழியச் சிரித்துவிட்டு மறுபக்கம் மாறுகிறீர்கள், அங்கேயும் அதே கதை. இருவருமே நல்லெண்ணத்தோடுதான் நகர்கிறார்கள். ஆனால் எதிராளி அரை விநாடிக்கு முன் எங்கே இருந்தாரோ அதைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். உங்கள் ட்ரோன்களும் இதைத்தான் செய்கின்றன. கணினியில் ஓட்டியபோது ஒரு ட்ரோனின் இடம் மற்றொன்றுக்கு அந்தக் கணமே தெரிந்திருக்கும். மைதானத்தில் ஜிபிஎஸ் கணக்கிட, ரேடியோ வரிசையில் காத்திருக்க, அடுத்த ட்ரோன் அதைப் படித்து மோட்டாரைத் திருப்ப என்று ஒவ்வொரு படியும் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைத் தின்கிறது.

எவ்வளவு தாமதம் வரை தாங்கும் என்பதற்கு ஓர் அழகான கணக்கு இருக்கிறது. ரெசா ஒல்ஃபாட்டி-சாபர், ரிச்சர்ட் மர்ரே என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2004-இல் எழுதியது. ட்ரோனையும் வண்டி என்றே சொல்கிறேன். ஒவ்வொரு வண்டியும் பக்கத்து வண்டியோடு தன்னை ஒப்பிட்டு, வித்தியாசத்துக்குத் தகுந்த வேகத்தில் நகர்கிறது, ஒப்பிடும் இரண்டு இடங்களும், தன்னுடையதும் பக்கத்து வண்டியுடையதும், ஒரே அளவு பழையவை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் வித்தியாசத்துக்கு விநாடிக்கு ஒரு மீட்டர் வேகம் என்றால், இரண்டு வண்டிகள் 0.785 விநாடி வரை தாங்கும். அதைத் தாண்டினால் ஆட்டம் வளர ஆரம்பிக்கும். ஆர்வக்கோளாறில் கெயினை, அதாவது ஒரு மீட்டர் வித்தியாசத்துக்கு எவ்வளவு வேகம் என்ற அந்த எண்ணை, இரண்டு மடங்காக்கினால் தாங்கும் தாமதம் பாதியாகி 0.39-க்கு வந்துவிடும். கெயினும் தாமதமும் ஒரே தராசின் இரண்டு தட்டுகள், ஒன்றைக் கூட்டினால் மற்றதைக் குறைத்தே ஆகவேண்டும்.

பலரும் இடறி விழுவது இதற்கு அடுத்த இடத்தில். யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதைப் பொறுத்தும் அந்த எல்லை மாறும். உங்கள் ஐந்து ட்ரோன்களும் எல்லாரும் எல்லாரோடும் பேசினால் எல்லை 0.31 விநாடி. வரிசையாக, ஒவ்வொன்றும் பக்கத்தில் இருப்பதோடு மட்டும் பேசினால் 0.43. ஐந்தை இருபதாக்கி எல்லாரையும் எல்லாரோடும் பேசவிட்டால் 0.08 விநாடிக்கு இறங்கிவிடும், சாதாரண ரேடியோவில் அதை எட்டுவதே பெரும்பாடு. அதிகம் பேர் சொல்வதைக் கேட்டால் அதிகம் ஒழுங்கு வரும் என்று நமக்குத் தோன்றுகிறது, பழைய செய்தி விஷயத்தில் அது நேர்மாறு, இருபது பேரின் பழைய சங்கதியைக் கூட்டி ஒரே நேரத்தில் அதற்கெல்லாம் ஈடுகொடுக்கத் துடிக்கிற வண்டி கட்டாயம் தாண்டித்தான் ஓடும். அதற்காக எல்லாவற்றையும் வரிசையாக்கிவிடலாமா என்றால், வரிசைக்கு வேறு விலை. ஐந்து ட்ரோன் வரிசையில் ஒரு வித்தியாசம் கரைய இரண்டரை விநாடிக் கணக்கில் ஆகும், எல்லாரும் எல்லாரோடும் பேசும் அமைப்பில் 0.2 விநாடிக் கணக்கில் முடிந்துவிடும். எனக்குப் பிடித்தது இரண்டுக்கும் நடுவில், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று பக்கத்துக்காரர்கள்.

நீங்கள் அடுத்த முறை மைதானத்துக்குப் போகும்போது ஒரு ஸ்டாப்வாட்ச் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த எளிய கணக்கின்படி, ஆட்டம் வளராமலும் தேயாமலும் நிற்கும் எல்லையில் ஒரு முழு ஆட்டத்துக்கு ஆகும் நேரம் தாமதத்தைப்போல் சரியாக நாலு மடங்கு. ட்ரோனுக்கு எடையும் சாய்ந்து திரும்பும் நேரமும் இருப்பதால் உண்மையில் ஆட்டம் இன்னும் நீளும், தாங்கும் தாமதமும் நான் சொன்ன எண்களைவிடக் குறையும். ஆனாலும் ஒரு ஆட்டம் நாலு விநாடி என்றால் மொத்தத் தாமதம் ஒரு விநாடிக்கு உள்ளே எங்கேயோ இருக்கிறது என்று பிடித்துவிடலாம். முதலில் கெயினைப் பாதியாக்கிப் பாருங்கள். ஆட்டம் தேய்ந்தால் நோய் என்னவென்று தெரிந்துவிட்டது.

கேள்வி: எங்களுக்கும் கிட்டத்தட்ட இதே பிரச்சினை. செய்தி பழசாகிறது என்றுதானே பிரச்சினை, அடிக்கடி அனுப்புவோம் என்று விநாடிக்கு 10 முறை அனுப்பியதை 50 முறை ஆக்கினோம். முன்பைவிட மோசமாகிவிட்டது. இது என்ன நியாயம்? (ஒரு ரோபோ குழு)

பதில்: குழாய் நிரம்பிவிட்டது, அவ்வளவுதான். வண்டியின் நிலவரத்தை அனுப்பும் சிறிய டெலிமெட்ரி ரேடியோக்களில் பரவலாக இருக்கும் வேகம் விநாடிக்கு 57,600 பிட். ஒரு பைட்டுக்கு 10 பிட் போகும் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வண்டிகள், ஒவ்வொரு செய்தியும் 50 பைட், விநாடிக்கு 10 முறை என்றால் 25,000 பிட், பாதிக்கும் கீழே, வசதியாகப் போகும். 50 முறை ஆக்கினால் 1,25,000 பிட். 57,600-இல் 1,25,000-ஐ எங்கே அடைப்பது? செய்திகள் வரிசையில் நிற்கும், வரிசை நீளும், கடைசியில் போய்ச்சேரும் ஒவ்வொரு செய்தியும் முன்பைவிடப் பழசாக இருக்கும். முழுக்க நிரம்பவேண்டும் என்றுகூட இல்லை, கொள்ளளவை நெருங்கும்போதே காத்திருக்கும் நேரம் மடமடவென்று ஏறும்.

இன்னொன்று கேட்கிறேன், தொலைந்த செய்தியைத் திரும்ப அனுப்பும் முறை எதையாவது பயன்படுத்துகிறீர்களா? இணையத்தில் கோப்பு இறக்க அது நல்லது, ஒரு எழுத்து விடுபட்டாலும் கோப்பு கெட்டுவிடும். ஒரு வண்டியின் இடம் அப்படியில்லை. அரை விநாடிக்கு முன் நான் எங்கே இருந்தேன் என்பதை வம்படியாகத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தால், இப்போது எங்கே இருக்கிறேன் என்ற செய்தி அதன் பின்னால் நிற்கும். தொலைந்தது தொலையட்டும். வரிசையில் புதிய செய்தி வந்ததும் பழையதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், வரிசையின் நீளம் எப்போதும் ஒன்று.

கேள்வி: தன்னுடைய இடத்தை ஏன் பழசாக எடுக்கவேண்டும், பக்கத்து வண்டியின் பழைய இடத்தைத் தன் புதிய இடத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவு தாமதமானாலும் ஆட்டமே வராது என்று நண்பர் சொல்கிறார். அப்படியென்றால் நீங்கள் சொன்ன எல்லையெல்லாம் எதற்கு?

பதில்: உங்கள் நண்பர் சரியாகத்தான் படித்திருக்கிறார். நான் மேலே சொன்ன எளிய வண்டிகளுக்கு அது உண்மை, லூக் மோரோ என்பவர் அதே 2004-இல் காட்டியதுதான். நிற்கிற வண்டிகள் ஓர் இடத்தில் கூட வேண்டும் என்றால் இந்த முறையில் தாமதம் எவ்வளவு இருந்தாலும் கூடிவிடும், கூடும் இடம்தான் முதலில் இருந்த இடங்களின் சராசரியாக இருக்காது.

ஆனால் வண்டிகள் சேர்ந்து ஓடும்போது வேடிக்கையைப் பாருங்கள். இரண்டு ட்ரோன்கள் அருகருகே விநாடிக்கு 10 மீட்டரில் பறக்கவேண்டும், தாமதம் 0.3 விநாடி. பக்கத்துக்காரரின் செய்தி வந்துசேரும்போது அவர் அந்த இடத்தை விட்டு 3 மீட்டர் தாண்டிவிட்டார். ஆக, ஒவ்வொருவருக்கும் மற்றவர் பின்தங்கியிருப்பதாகத் தெரிகிறது. 'பாவம், பின்னால் வருகிறார்' என்று இவர் மெதுவாக்க, அதையே நினைத்து அவரும் மெதுவாக்க, ஆட்டமும் இல்லை, மோதலும் இல்லை, அணி குலையவும் இல்லை, மொத்தக் கூட்டமும் சொன்ன வேகத்துக்கு வராமலே போகும். அதே ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கெயினில் கணக்குப் போட்டால் 10-க்குப் பதில் 7.7 மீட்டர் வேகம்தான் கிடைக்கும். ஐந்து ட்ரோன்கள் எல்லாரும் எல்லாரோடும் பேசினால் 4.5. திரையில் பார்ப்பவருக்கு எல்லாம் ஒழுங்காக இருப்பதாகவே தோன்றும், பேட்டரி தீரும்போதுதான் பாதி வழியில் நிற்கிறோம் என்று தெரியவரும். ஆடுகிற அணியைவிட இப்படிச் சத்தமில்லாமல் தவழ்கிற அணிதான் எனக்கு அதிகப் பயம்.

தீர்வு, செய்தியில் இடத்தோடு வேகத்தையும், அளந்த நேரத்தையும் சேர்த்து அனுப்புவது. வாங்குகிறவர் 'இது 0.3 விநாடி பழசு, இவர் 10 மீட்டர் வேகத்தில் போகிறார், ஆகவே இப்போது 3 மீட்டர் முன்னால் இருப்பார்' என்று நகர்த்திவைத்துக்கொண்டு ஒப்பிடவேண்டும். அல்லது, தன்னுடைய பழைய இடங்களைக் குறித்துவைத்துக்கொண்டு, அதே கணத்தில் தான் எங்கே இருந்தேன் என்று தேடி எடுத்து ஒப்பிடலாம். இப்படிச் செய்தால் தவழ்தல் போய்விடும், ஆனால் இரண்டும் ஒரே அளவு பழசு என்பதால் ஒல்ஃபாட்டி-சாபர், மர்ரே சொன்ன எல்லை திரும்பி வந்துவிடும். அதனால்தான் அந்த எல்லை தேவை என்கிறேன். நண்பரிடம் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்.

கேள்வி: 5ஜி, 6ஜி என்று வந்துகொண்டிருக்கிறதே, தாமதப் பிரச்சினை தானாகத் தீர்ந்துவிடாதா?

பதில்: ரேடியோ அலை 300 மீட்டரைக் கடக்க ஒரு மைக்ரோவிநாடி. அந்தப் பகுதி என்றைக்குமே பிரச்சினையாக இருந்ததில்லை. சென்சார் அளந்து முடிப்பது, கணினி யோசிப்பது, சேனலுக்காகக் காத்திருப்பது, எல்லாவற்றுக்கும் மேல் இயந்திரம் அசைவது, இவைதான் நேரத்தை விழுங்குகின்றன. கனரக லாரியின் காற்று பிரேக்கில் அழுத்தம் ஏறி முடிக்கவே விநாடியில் கணிசமான பங்கு போய்விடும், அதை எந்த 'ஜி'யும் குறைக்காது.

கேள்வி: நெடுஞ்சாலையில் முன்னால் விபத்தோ சிக்னலோ எதுவும் இல்லாமலே திடீரென்று எல்லா வண்டிகளும் நின்று, பிறகு எதுவும் நடக்காததுபோல் ஓடுகின்றன. இதுவும் நீங்கள் சொல்லும் விஷயம்தானா? தானோட்டிக் கார்கள் வந்தால் இது போய்விடுமா?

பதில்: ஆம், இதுவும் தாமதம்தான், இங்கே ரேடியோவுக்குப் பதில் மனிதரின் கண்ணும் காலும். யூகி சுகியாமாவும் அவருடைய குழுவினரும் ஜப்பானில் 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டத்தில் 22 கார்களை ஓட்டச் சொல்லி, அதை 2008-இல் வெளியிட்டார்கள். மணிக்கு 30 கிமீ அளவில் ஓடவேண்டும், அவ்வளவுதான் கட்டளை. கொஞ்ச நேரம் சீராகச் சுற்றிய கார்கள், யாரோ எங்கேயோ லேசாகத் தயங்கியதில், நெரிசலாகிவிட்டன. அந்த நெரிசல் கார்கள் போகும் திசைக்கு எதிராகப் பின்னோக்கி நகர்ந்தது. முன்னால் இருப்பவர் மெதுவாக்கியதைப் பின்னால் இருப்பவர் கொஞ்சம் தாமதமாகப் பார்க்கிறார், தாமதத்தை ஈடுகட்டக் கொஞ்சம் அதிகமாக பிரேக் போடுகிறார், அவருக்குப் பின்னால் இருப்பவர் இன்னும் கொஞ்சம் அதிகமாக. முதல் கார் லேசாகத் தொட்டால் இருபதாவது கார் நிற்கும்.

தானோட்டிக் கார்களை நெருக்கமாக ஓட்டினால் இது தானாகப் போய்விடாது. முன்னால் இருக்கும் ஒரு காரை மட்டும் பார்த்துக்கொண்டு, எந்த வேகத்திலும் மாறாத ஒரே இடைவெளியைக் காக்கவேண்டும் என்று கட்டளையிட்டால், எவ்வளவு கெட்டிக்காரக் கன்ட்ரோலர் போட்டாலும் தடுமாற்றம் பின்னால் போகப் போகப் பெருகத்தான் செய்யும். அதிலிருந்து தப்ப இரண்டு வழிகள். வேகத்துக்குத் தகுந்தபடி இடைவெளியைக் கூட்டிக்கொள்வது ஒன்று, இடம் அதிகம் பிடிக்கும் என்றாலும் பாதுகாப்பானது. மற்றது, வரிசையின் தலைவர் என்ன செய்கிறார் என்பதை ரேடியோவில் எல்லாருக்கும் நேராகச் சொல்லிவிடுவது.

இரண்டாவது வழியை 1997 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் பாத் என்ற போக்குவரத்து ஆய்வுத் திட்டத்தினர் சான் டியாகோ அருகே ஐ-15 நெடுஞ்சாலையில் பொதுமக்கள் முன் செய்து காட்டினார்கள். எட்டு கார்கள், இடைவெளி 6.5 மீட்டர், மணிக்கு 100 கிமீ அளவில் வேகம். அந்த வேகத்தில் 6.5 மீட்டர் என்பது கால் விநாடி தூரம்தான், மனிதக் கால் பிரேக்கை எட்டுவதற்குள் கதை முடிந்திருக்கும்.

ரேடியோச் செய்தி தாமதமானால் இந்த வரிசை என்ன ஆகும் என்று ஆண்ட்ரியா கோல்ட்ஸ்மித், கார்ல் ஹெட்ரிக் உள்ளிட்ட நால்வர் 2001-இல் ஆராய்ந்தார்கள். அவர்களுடைய முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. செய்தி கைக்கு வந்த கணமே ஒவ்வொரு காரும் செயல்பட்டால், தாமதம் வரிசையின் ஒழுங்கைக் கெடுத்துவிடுகிறது. எல்லாக் கார்களும் கடிகாரத்தை ஒன்றாக வைத்துக்கொண்டு, செய்தி முன்னதாகவே வந்திருந்தாலும் பொறுத்திருந்து, எல்லாம் ஒரே கணத்தில் செயல்பட்டால் ஒழுங்கு திரும்பிவிடுகிறது. முந்திக்கொண்டு கேட்டவர் முந்திக்கொண்டு நடந்ததுதான் சிக்கலே. அவசரக்காரர்கள் இதைப் படித்தால் நம்பமாட்டார்கள்.

கேள்வி: ஆயிரக்கணக்கான ட்ரோன்கள் வானத்தில் படம் வரைகின்றனவே, அவை தங்களுக்குள் எவ்வளவு வேகமாகப் பேசிக்கொள்ளும்?

பதில்: பேசிக்கொள்வதே இல்லை. 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்குக்காக இன்டெல் நிறுவனம் 1,218 ட்ரோன்களைப் பறக்கவிட்டது. அந்த மாதிரிக் காட்சிகளில் எந்த ட்ரோன் எந்தக் கணத்தில் எங்கே இருக்கவேண்டும் என்று முன்பே எழுதி ஏற்றிவிடுவார்கள், ஒவ்வொன்றும் கடிகாரத்தைப் பார்த்துத் தன் பாட்டைத் தான் ஆடும், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றே அதற்குத் தெரியாது. குறைசொல்லவில்லை, தாமதத்தை வெல்ல இதைவிடச் சுலபமான வழி கிடையாது. காற்று பலமாக அடித்து ஒன்று விலகினால் அடுத்தது விட்டுக்கொடுக்காது, அதுதான் விலை. உண்மையிலேயே பேசிக்கொண்டு பறந்தவை வேண்டுமென்றால், அதே 2018-இல் புடாபெஸ்ட் ஆய்வாளர்கள் பறக்கவிட்ட 30 ட்ரோன்களைச் சொல்லலாம். அவற்றுக்கு மையக் கட்டுப்பாடு கிடையாது, தடைகளைச் சுற்றிக் கூட்டமாகவே பறந்தன. செய்தித் தாமதத்தையும் சென்சார் பிழையையும் கணக்கில் சேர்த்துத்தான் அவற்றின் விதிகளைச் சரிசெய்தார்கள், கையால் அல்ல, கணினியில் பரிணாம முறையில் தேடவிட்டு. 1,218 எங்கே 30 எங்கே என்று பாருங்கள், எது கடினம் என்று புரியும்.

கேள்வி: செய்தியில் நேரத்தைச் சேர்த்து அனுப்பு என்கிறீர்கள். இரண்டு வண்டிகளின் கடிகாரமும் ஒன்றாக இருந்தால்தானே அதற்கு அர்த்தம்?

பதில்: சரியான இடத்தில் கை வைத்தீர்கள். சாதாரணக் குவார்ட்ஸ் கடிகாரம் பத்து லட்சத்துக்கு 20 பங்கு பிசகினால் ஒரு மணி நேரத்தில் 72 மில்லிவிநாடி விலகிவிடும். விநாடிக்கு 10 மீட்டரில் போகும் வண்டிக்கு அது 70 செ.மீ. பிழை. வெளியில் ஓடும் வண்டிகளுக்கு ஜிபிஎஸ் ஒரு வரப்பிரசாதம், இடத்தோடு சேர்த்து மிகத் துல்லியமான நேரத்தையும் இலவசமாகத் தருகிறது.

அதிலும் ஒரு குழி இருக்கிறது, நானே விழுந்திருக்கிறேன். ஒருமுறை இரண்டு தரை வண்டிகளை ஓட்டிக்கொண்டிருந்தோம், ஒன்று மற்றொன்றின் செய்தி எதையும் ஏற்கவே மாட்டேன் என்றது. ஆன்டெனாவை மாற்றினோம், ரேடியோவை மாற்றினோம், கேபிளைத் திட்டினோம். கடைசியில் பார்த்தால் ஒரு வண்டியின் செய்திகள் எல்லாம் 18 விநாடி எதிர்காலத்திலிருந்து வருகின்றன. ஒன்றில் ஜிபிஎஸ் நேரத்தை அப்படியே எடுத்திருந்தோம், மற்றதில் கணினியின் உலகப் பொது நேரம். உலகப் பொது நேரத்தில் அவ்வப்போது ஒரு நெட்டு விநாடியை (லீப் செகண்ட்) சேர்ப்பார்கள், ஜிபிஎஸ் நேரம் 1980-இல் தொடங்கியதிலிருந்து அதைச் சேர்ப்பதில்லை, 2017 தொடக்கத்திலிருந்து வித்தியாசம் சரியாக 18 விநாடி. எதிர்காலத்திலிருந்து வரும் செய்தியை நம்பாதே என்று புரோகிராம் எழுதியதும் நான்தான், அதை மறந்ததும் நான்தான்.

கேள்வி: கடலுக்கடியில் ஓடும் ஆளில்லா வண்டிகளும் இப்படித்தான் பேசுமா?

பதில்: அங்கே ரேடியோ சீக்கிரமே அடங்கிவிடும், ஒலிதான் கதி. கடல்நீரில் ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர். ஒன்றரை கிமீ தள்ளி இருப்பவருக்குச் சொல்ல ஒரு விநாடி, பதில் வர இன்னொரு விநாடி. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டும், அதனால் ஐந்து வண்டிகள் முறைவைத்துப் பேசினால் ஒருவரின் முறை மறுபடி வர எளிதாக ஐந்து பத்து விநாடிகள் ஆகிவிடும். ஒரு செய்தியில் அடைக்க முடிவதும் கொஞ்சம்தான். மேலே ட்ரோனுக்குச் சொன்ன கெயினையெல்லாம் இங்கே கொண்டுவந்தால் அவ்வளவுதான். கடலடி வண்டிகள் மெதுவாகப் போகின்றன, அது ஒரு புண்ணியம்.

ஆனால் இந்தத் தாமதமே அங்கே உதவியாகவும் மாறுகிறது. எல்லாரிடமும் பிசகாத கடிகாரம் இருந்தால், 'நான் சரியாக இத்தனை மணிக்கு அனுப்பினேன்' என்ற ஒரு வழிச் செய்தியே தூரத்தையும் சொல்லிவிடும், ஒரு விநாடி பிந்தினால் 1,500 மீட்டர். கடிகாரம் ஒரு மில்லிவிநாடி பிசகினால் தூரம் ஒன்றரை மீட்டர் பிசகும், அதனால்தான் சில்லு அளவிலான அணுக் கடிகாரத்தைக்கூட இந்த வண்டிகளில் வைக்கிறார்கள். ஜிபிஎஸ் செய்வதும் இதேதான், 20,200 கிமீ உயரத்திலிருந்து வரும் அந்த சிக்னல் நம்மிடம் சேரும்போது குறைந்தது 0.067 விநாடி பழசு, அந்தப் பழமையை அளந்துதான் நாம் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கிறது.

கேள்வி: மூன்று வண்டிகள் மூன்று திசையிலிருந்து கிளம்பி ஒரே நேரத்தில் ஓரிடத்துக்கு வந்துசேரவேண்டும். வழியில் செய்தி தாமதமானால் எப்படி ஒத்துப்போவது?

பதில்: இடத்தைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம், சேரும் நேரத்தைச் சொல்லுங்கள். அதையும் 'இன்னும் 40 விநாடியில் வருவேன்' என்று சொல்லாமல் '10 மணி 12 நிமிடம் 40 விநாடிக்கு வருவேன்' என்று கடிகார நேரமாகச் சொல்லுங்கள். முதல் வாக்கியம் வழியிலேயே பழசாகிவிடும், மூன்று விநாடி தாமதமாகப் போனால் மூன்று விநாடி பொய். இரண்டாவது, எப்போது போய்ச்சேர்ந்தாலும் உண்மையாகவே இருக்கும். எழுதும் விதத்தை மாற்றியதிலேயே பாதித் தாமதம் மறைந்துவிட்டது பாருங்கள், இந்த இதழில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, மூன்று நேரங்களில் எதை எடுப்பது. சராசரி என்றுதான் பலரும் எழுதுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. வேகமான வண்டி சுற்றிவந்து நேரத்தைப் போக்கலாம், ஏற்கெனவே முழு வேகத்தில் வருகிற மெதுவான வண்டியால் சராசரிக்கு ஓடிவர முடியாது. ஆகவே எல்லாரிலும் பிந்தியவரின் நேரத்தை எடுங்கள். ஒவ்வொருவரும் தன் நேரத்தையும் காதில் விழுந்த நேரங்களையும் ஒப்பிட்டு, பெரியதை வைத்துக்கொண்டு, அதையே அடுத்தவருக்குச் சொன்னால் போதும். இந்த முறையில் எண் ஏறத்தான் செய்யும், இறங்காது, அதனால் செய்தி எவ்வளவு பழசானாலும் ஊஞ்சலாட்டம் கிடையாது, அதிகபட்சம் ஒத்துப்போகக் கொஞ்சம் பிந்தும். பிந்தியவர் காற்று சாதகமாகி 'இல்லை, சீக்கிரமே வந்துவிடுவேன்' என்று திருத்தினால் மட்டும் தகராறு, பழைய பெரிய எண் கூட்டத்துக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்காக ஒவ்வொரு எண்ணோடும் அது யாருடையது, எத்தனையாவது திருத்தம் என்பதையும் சேர்த்து அனுப்பவேண்டும்.

கேள்வி: செய்தி தாமதமாகாமல் ஒரேயடியாக நின்றே போனால்?

பதில்: கடைசியாகக் கேட்டதை வைத்து ஊகிக்கலாம், ஆனால் அந்த ஊகத்துக்கு ஆயுள் குறைவு. பக்கத்து வண்டி ஒவ்வொரு விநாடியும் தன் வேகத்தை விநாடிக்கு 3 மீட்டர் வரை மாற்றக்கூடியது என்றால், ஒரு விநாடி கழித்து அது நாம் நினைக்கும் இடத்திலிருந்து ஒன்றரை மீட்டர் விலகியிருக்கலாம். இரண்டு விநாடியில் 6 மீட்டர், மூன்றில் 13.5. நேரம் இரட்டித்தால் சந்தேகம் நாலு மடங்கு. இந்த எண் வண்டிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைத் தொடுவதற்கு முன்பே விலக ஆரம்பிக்கவேண்டும், எந்தப் பக்கம் என்பதைப் பறப்பதற்கு முன்பே பேசிவைத்திருக்கவேண்டும். இருவரும் அப்போது யோசிக்க ஆரம்பித்தால் மறுபடி அந்தக் குறுகலான நடைக் கதைதான்.

கேள்வி: ரேடியோவே இல்லாமல் பறவைகள் எப்படிச் சமாளிக்கின்றன?

பதில்: ரோம் நகரின் மேல் பறக்கும் ஸ்டார்லிங் கூட்டங்களைப் படமெடுத்து ஆராய்ந்தவர்கள் 2008-இல் சொன்னது, ஒவ்வொரு பறவையும் அருகில் இருக்கும் ஆறேழு பறவைகளைத்தான் கவனிக்கிறது, அவை எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் சரி. எல்லாரும் எல்லாரோடும் பேசவேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு இதை அனுப்பிவையுங்கள்.

கேள்வி: எனக்குக் கணக்கு அவ்வளவாக வராது. இதைக் கண்ணால் பார்க்க எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: திரையில் இரண்டு புள்ளிகள் போதும். ஒவ்வொரு 0.01 விநாடிக்கும் இரண்டின் இடத்தையும் ஒரு பட்டியலில் எழுதிவையுங்கள், நகர்த்தும்போது கடைசி வரியை எடுக்காமல், தாமதத்துக்குத் தகுந்தபடி அத்தனை வரி மேலே போய் எடுங்கள். இரண்டு புள்ளிகளும் தங்களுக்குள் இருக்கும் வித்தியாசத்தின் அளவு வேகத்தில், அதாவது ஒவ்வொரு வரிக்கும் அதில் நூறில் ஒரு பங்கு, எதிரெதிரே நகரட்டும். தாமதம் 20 வரியானால் வழுக்கிக்கொண்டு போய் ஒட்டிக்கொள்ளும். 60 வரியில் தாண்டித் தாண்டி ஆடி அடங்கும். 78-ஐ நெருங்கும்போது ஆட்டம் அடங்கவே மறுக்கும், ஒரு ஆட்டத்துக்கு மூன்று விநாடிக்குச் சற்று மேல் ஆகும். 90 வைத்துவிட்டுக் கொஞ்சம் காத்திருங்கள், புள்ளிகள் திரையை விட்டே வெளியே போய்விடும்.